என் ஈரலுக்கு ஊரே காவல்

ரத்தம் எடுக்கிறவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருகிறவர் உலகத்தில் கிடையாது. சிரித்துக்கொண்டே போகிறவர் உண்டு, அவர் நேரே டீக்கடைக்குப் போகிறவர். காலையில் வெறும் வயிற்றோடு லேப் வாசலில் நின்று, 'எப்பத்தான் கூப்பிடுவானுங்களோ' என்று பல்லைக் கடித்திருப்பீர்களே, அந்தக் கூப்பிடுகிறவன் நான்தான். பெயர் தணிகாசலம். விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். உங்களையெல்லாம் காக்க வைத்த பாவமோ என்னவோ, போன வருஷம் நானும் உங்கள் வரிசையில் வந்து சேர்ந்தேன். அதனால் இதை உங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவனின் புலம்பல் என்று நினைத்துப் படியுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் டாக்டரம்மா ஈரலில் கொழுப்பு படிவதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதற்காக விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. அந்தச் சமயம் பார்த்து, வளவனூரில் கட்டிக்கொடுத்த என் அக்கா அலமேலுவுக்கு ஈரல் கெட்டுப்போய், வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். கொடுக்கக்கூடிய ஒரே ஆள் நான். கொடுக்க முடிந்ததா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், என்னைப் படாத பாடு படுத்திய சில நல்லவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

டீ ஒரு சாப்பாடா?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில், வாரத்துக்கு ஒரு காலை எனக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே முதலில் வந்து கையை நீட்டியவர் கன்னியப்பன். வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர், எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஏலம் கூவிக் கூவி உரமேறிய குரல். ஸ்கேனில் ஈரல் கொழுப்பு தெரிந்ததால் அவரை ஆராய்ச்சியில் சேர்த்திருந்தோம். ராத்திரிக்கு அப்புறம் எதையாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று அடித்துச் சொன்னார். சொல்லும்போதே மீசையில் டீ நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் காட்டிக் கேட்டால், டீ ஒரு சாப்பாடா, அது தூக்கம் தெளியக் குடிப்பது என்றார். சரி, சட்டையில் பிஸ்கட் தூள் இருக்கிறதே? அது டீக்காகப் போட்டதாம், அவருக்காக இல்லையாம். ஐயா சாமி, இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய் உடைப்பது?

எதற்குத்தான் இந்த ரத்தம் என்று அவரே கேட்டார். அவர் தொழிலை வைத்தே சொன்னேன். மல்லாட்டைப் பயறு நாளானால் காற்றுப் பட்டுப் பட்டுக் காறிப்போய் ஒரு வாடை அடிக்கும் இல்லையா? ஈரலில் கொழுப்பு சேர்ந்தால் அதுவும் உடம்புக்குள்ளேயே அப்படிக் காறிப்போகும். ஆக்சிஜன் செய்கிற வேலை அது. ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். காறவிடாமல் காவல் நிற்கிற சத்துகளும் உண்டு, ஆன்டி ஆக்சிடன்ட் என்று டி.வி. விளம்பரத்தில் சொல்கிறார்களே, அதுதான். கொழுப்பு ஈரல்காரர் ரத்தத்தில் காறல் எவ்வளவு, காவல் எவ்வளவு, நன்றாக இருப்பவர் ரத்தத்தில் எவ்வளவு என்று ஒப்பிடுவதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. இவரைப் போன்ற சிலரிடம் வாராவாரம் எடுத்துப் பார்ப்போம். கன்னியப்பன் கொஞ்ச நேரம் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"அப்போ என் மண்டில கெடக்கிற மூட்டைய வுட என் வயிறு மோசமா இருக்குதுன்னு சொல்ற. சரி, அடுத்த வாரம் டீ குடிக்காமயே வர்றேன். இத என் வூட்டுக்காரி கிட்ட ஒண்டி சொல்லிடாத, அவ கிட்ட வந்து மோந்து பாப்பா."

பாய் எழுதிய பரீட்சை

ஒப்பிட்டுப் பார்க்க, ஈரல் நன்றாக இருப்பவர்களும் வேண்டும். அவர்களை நாங்கள் 'நார்மல்' என்போம். எங்கள் முதல் நார்மல் ஷரீஃப் பாய். கோட்டக்குப்பத்துக்காரர், திண்டிவனத்தில் துணிக்கடை, கன்னியப்பனுக்கு வெகுநாள் சிநேகிதர். சிநேகிதர் ஈரலில் கொழுப்பு, தன் ஈரல் சுத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. சத்து மாத்திரை, லேகியம், நெல்லிக்காய்ச் சாறு எதுவும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், சாப்பிட்டால் உடம்பின் சொந்தக் காவல் எவ்வளவு என்று தெரியாமல் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ரத்தம் எடுக்க வந்த அன்று, நான் ஊசியைக் கையில் எடுத்த பிறகு, மெதுவாக ஒரு சந்தேகம் கேட்டார். ஒன்றுக்குப் போனால் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறதே, மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? எந்த மாத்திரை பாய் என்றேன். துபாயிலிருந்து மகன் அனுப்பிய சத்து மாத்திரை டப்பாவாம். ஆராய்ச்சி என்று கேள்விப்பட்டதிலிருந்து வேளைக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். கன்னியப்பனைவிட மார்க் கூட வாங்க வேண்டுமாம்! நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டப்பாவை மூடி வைத்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள் என்றேன். பாய்க்கு ரொம்ப வருத்தம்.

"பரீட்சைக்குப் படிக்காம வான்னு சொல்ற வாத்தியார இப்பத்தான் தம்பி மொத மொதல்ல பாக்கறேன்."

அஞ்சலையம்மாவின் ஐஸ்

திண்டிவனத்தில் எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, வெளிச்சம் படாமல் மூடி, ஜல்தியாக விழுப்புரம் லேபுக்குக் கொண்டுவர வேண்டும். வழியில் சூடானால் குழாய்க்குள்ளேயே காற ஆரம்பித்துவிடும். அப்புறம் அது நோயாளியின் காறலா, பஸ்ஸின் காறலா என்று யாருக்கும் தெரியாது. தெர்மோகோல் பெட்டியோடு பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் மீன் என்றுதான் நினைப்பார்கள். நானும் திருத்துவதில்லை. ரத்தம் என்றால் பக்கத்து சீட்டு காலியாகிவிடும்.

ஒரு நாள் விக்கிரவாண்டிக்கு முன்னால் பஸ் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. சித்திரை வெயில். வேறு பஸ் வருகிறது வருகிறது என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார், வந்தபாடில்லை. பெட்டி மூலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அத்தனை பேர் பட்டினி கிடந்து கொடுத்த ரத்தம், எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின் சீட்டிலிருந்த அஞ்சலையம்மா, மரக்காணத்திலிருந்து மீன் எடுத்து வந்து விழுப்புரத்தில் விற்பவர், உள்ளே என்ன மீன் என்று கேட்டார். ரத்தம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் உடனே எழுந்து போனார். அஞ்சலையம்மா போகவில்லை. யாருடைய ரத்தம், என்ன நோய் என்று விசாரித்தார். விசாரித்துவிட்டுத் தன் மீன் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த ஐஸை ஒரு பாலித்தீன் பையில் அள்ளிப் போட்டுக் கட்டினார். உங்கள் மீன் கெட்டுப்போய்விடுமே அம்மா என்றேன்.

"மீனு போனா நாளைக்குக் கடல்ல வேற மீனு. பசியோட குடுத்தவங்க கிட்ட போயி மறுக்கா கைய நீட்டுன்னு எப்படி கேப்ப? இந்தா, புடி."

பெஞ்சு மாறியது

நார்மல் ஆட்களுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை என்று மார்தட்டிக்கொண்டு வருகிறவரை ஸ்கேன் மேஜையில் படுக்க வைத்தால், பல பேர் கொழுப்புக்காரர் பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். டாக்டரம்மா எங்கள் லேப் ஆட்களைப் பார்த்தார். நான்தான் முந்திக்கொண்டு போனேன். பீடி சிகரெட் கிடையாது, குடி கிடையாது, என்னைவிட நார்மல் எங்கே கிடைக்கும்? தொப்பை ஒன்று உண்டு, அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஸ்கேன் டாக்டர் அரட்டை அடித்துக்கொண்டே வலது விலாவுக்குக் கீழே கருவியை வைத்து அழுத்தினார். அழுத்தியவர் பேச்சை நிறுத்தினார். டாக்டர் பேச்சை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியாதா? திரையில் என் ஈரல் வெள்ளை வெளேர் என்று தெரிந்தது. கொழுப்பு ஏறிய ஈரல் அப்படித்தான் தெரியும். அடுத்த வாரம் திண்டிவனத்தில் என் கையை நானே குத்திக்கொள்ள முடியாமல், கிளினிக் நர்ஸிடம் நீட்டிக்கொண்டு கொழுப்புக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தேன். கன்னியப்பன் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். நகர்ந்து இடம் விட்டார்.

"வாப்பா, வா. ஒனக்குன்னுதான் எடம் போட்டு வச்சிக்கினு ஒக்காந்திருக்கோம். இன்னா, டீ குடிச்சியா?"

அக்கா கேட்டது

சிரித்துக்கொண்டிருந்த காலம் அத்தோடு சரி. ஆடி மாதம் அக்காவுக்கு வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, சென்னைக்குக் கொண்டுபோனோம். சாராய வாடையே அறியாதவள் அக்கா. சர்க்கரையும் ஈரல் கொழுப்பும் சத்தமில்லாமல் பல வருஷம் சேர்ந்து இருந்து, ஈரலைச் சுருக்கிக் கல்லாக்கிய பிறகுதான் வெளியே தெரிந்தது. நான் தினமும் குழாயில் பார்க்கிற நோய் முற்றினால் என்ன ஆகும் என்பதை அக்கா முகத்தில்தான் பார்த்தேன். மாமாவுக்கு இதயத்தில் கோளாறு. ஒரே மகனுக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் ஈரல் வளர்ந்துவிடும், கொடுத்தவனுக்கும் வளரும், வாங்கியவளுக்கும் வளரும். எடுத்துக்கொள்ளுங்கள் என்று படுத்தேன். என் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கொழுப்போடு எடுக்க முடியாது என்றார்கள். எனக்கும் ஆபத்தாம், அக்காவுக்கு வைத்தாலும் சரியாக வேலை செய்யாதாம். கரைத்துக்கொண்டு வாருங்கள், ஆனால் அக்காவால் ரொம்ப நாள் தாங்க முடியாது என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொங்கல் வந்தால் அக்காவுக்குப் பிறந்த வீட்டு வரிசை கொண்டுபோவது என் கடமை. புதுப்பானை, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புடவை, கரும்பு. மாமாவுக்கு இருப்பதே கரும்பு வயல்தான். அந்த வயலைத் தாண்டி, விழுப்புரத்தில் வாங்கிய கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு நான் நடப்பேன். இது என்ன கூத்து என்று வருஷா வருஷம் முணுமுணுப்பேன். அது ஆலைக் கரும்பு, இது பொறந்த வீட்டுக் கரும்பு என்பாள். அன்று வளவனூர் வீட்டில், என் ஈரல் இப்போதைக்கு உதவாது என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவளே பேசினாள்.

"அழுவாதடா. ஈரலு கெடைக்கலன்னா போவுது. பொங்கலுக்கு வரிசைய எடுத்துக்கினு வந்துடு. அது வரைக்கும் இருந்து வாங்கிக்கறேன்."

முதலில் நீ ஏறு

அந்த வாரம் திண்டிவனத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கன்னியப்பன் விடாமல் துருவினார். சொல்லிவிட்டேன். அவர் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். சொன்னது அவரிடம் மட்டும்தான். அவர் சொன்னது மண்டிக்கு, மண்டி சொன்னது கடைத்தெருவுக்கு. அடுத்த வாரம் நான் போய் ஊசியை எடுத்தால் ஒருத்தரும் கையை நீட்டவில்லை. முதலில் நான் எடை மெஷினில் ஏற வேண்டுமாம். ஏறி, முள் எங்கே நிற்கிறது என்று பெஞ்சில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்து, போன வாரத்தைவிட இறங்கியிருக்கிறது என்று திருப்திப்பட்ட பிறகுதான் கை நீளும். இத்தனை வருஷ சர்வீஸில் நோயாளிகள் டெக்னீஷியனுக்கு டெஸ்ட் எடுத்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. உங்கள் ஈரலை முதலில் பாருங்கள் ஐயா என்று கத்தினேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார்கள். நிஜம்தான். நான் திண்டிவனம் வரும் நாளில் விடியற்காலை ஏரிக்கரையில் நடக்கத் துணைக்கு வந்து, மற்ற நாளிலும் நடையை விடாத கன்னியப்பனுக்கே இடுப்பு வேட்டி லூஸாகியிருந்தது. நார்மல் ஷரீஃப் பாய்க்கு எங்களோடு நடக்க ஒரு அவசியமும் இல்லை. அவரும் வந்தார். ஏன் பாய் உங்களுக்கு இந்தப் பேஜாரு என்று கேட்டேன்.

"நார்மலா இருக்கறவன் நாலு பேரு கூட நடந்தாத்தான் தம்பி, இல்லாதவனுக்கு நடக்கத் தோணும்."

போண்டா

நீங்களும் பத்தியம் இருந்திருப்பீர்கள். இருந்தவர்களுக்குத்தான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் எண்ணெயிலிருந்து எடுக்கிற போண்டாவின் வாசனை என்னவென்று தெரியும். வீட்டில் கேப்பைக் களியும் கீரையும், கீரையும் கேப்பைக் களியும். அஞ்சலையம்மா சின்ன மீனாகப் பார்த்து எடுத்து வைப்பார், குழம்புக்கு மட்டும், வறுத்தது தெரிந்தால் அப்புறம் மீனே கிடையாது என்ற நிபந்தனையோடு. இப்படி வாயைக் கட்டியே வாழ்ந்தவனின் கால், ஒரு புரட்டாசி சாயங்காலம் மறுநாள் நடைக்காகத் திண்டிவனம் பஸ் ஏறப் போனபோது, தன்னால் போய் போண்டாக் கடையில் நின்றது. ஒன்றே ஒன்று. காகிதத்தில் வைத்து, தூணுக்குப் பின்னால் போய், சூடு ஆற ஊதிக்கொண்டிருந்தேன்.

தோளுக்கு மேலே ஒரு கை வந்து போண்டாவை எடுத்துக்கொண்டது. திண்டிவனம் பஸ் கண்டக்டர். அன்று மக்கர் பண்ணி நின்ற அதே பஸ், அதே ஆள். இவருக்கு யார் சொன்னது? வேறு யார், அஞ்சலையம்மாதான். கடைக்காரரும் எழுந்து பார்த்தார், நின்றிருந்த பயணிகளும் பார்த்தார்கள். கண்டக்டர் போண்டாவைத் தூக்கி எறிந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். என் கண்ணெதிரே நின்று சாவகாசமாகத் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏங்க, அக்காவுக்கு ஈரலு குடுக்கப் போறீங்களா, போண்டா குடுக்கப் போறீங்களா? ஏறுங்க, வண்டி எடுக்கப் போறேன்."

இரண்டாவது குழாய்

ஐப்பசி தொடக்கத்தில் மறுபடி ஸ்கேன். ஸ்கேன் டாக்டர் இந்தத் தடவை பேச்சை நிறுத்தவே இல்லை, பேசிக்கொண்டே போனார், எனக்கு அப்போதே உயிர் வந்துவிட்டது. வெள்ளையாகத் தெரிந்த ஈரல் மங்கியிருந்தது, அதாவது ஒழுங்காகியிருந்தது. டாக்டரம்மா என் ரத்தத்தை இன்னொரு முறை எடுத்து, பழைய குழாயோடு வைத்துப் பார்த்தார். காறலின் அடையாளம் இறங்கியிருந்தது, காவல் ஏறியிருந்தது. நான் குதிக்காத குறை. அப்போ போண்டா தின்னாமல் நடந்தால் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று எழுதிவிடலாமா மேடம் என்று கேட்டேன். டாக்டரம்மா கண்டிப்பானவர், முகம் கொடுத்துச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று சிரித்தார்.

"ஒருத்தர் ரத்தத்த வச்சி ஆராய்ச்சில ஒண்ணும் எழுத முடியாது தணிகாசலம். ஆனா எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு, அத எங்கயும் எழுத வேண்டியதில்ல."

சாந்தியின் நிபந்தனை

சென்னையில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தானம் கொடுப்பவன் யாருடைய கட்டாயத்தின் பேரிலும் கொடுக்கவில்லை என்று உறுதி செய்ய, மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். என் மனைவி சாந்திக்கும் அக்காவுக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஆகாது. சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்பதில் ஆரம்பித்த சண்டை அது, இன்னும் தீர்ப்பாகவில்லை. இந்த மாதங்களில் களி கிண்டியதும் கீரை ஆய்ந்ததும் என் தட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததும் சாந்திதான். ஆனால் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பெண்களும் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கேட்கப் பயந்து கேட்கவில்லை.

விசாரணை அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். உங்களுக்கு இதில் முழுச் சம்மதமா அம்மா, பயப்படாமல் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்தினேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு சாந்தி பேசினாள்.

"எங்களுக்குள்ள ஆவாதுங்க, அது ஊருக்கே தெரியும். அதுக்காக அவங்கள வுட்டுட முடியுமா? எடுத்துக்குங்க. ஆனா இவர எனக்கு முழுசா திருப்பிக் குடுத்துடணும்."

கேட்காமல் கொடுத்தது

ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும், ஆட்களைக் கொண்டுவாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொந்தக்காரர்களில் சிலருக்குத் திடீரென்று ஜுரம் வந்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நடைபாதையில் நின்றபோது, திண்டிவனத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. முதலில் கன்னியப்பன், அப்புறம் அவர் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், ஷரீஃப் பாயின் கடை ஆட்கள், லீவில் வந்திருந்த பாயின் துபாய் மகன், எல்லோரும் இறங்கினார்கள். ஒருத்தருக்கும் என் அக்காவை நேரில் தெரியாது. வழியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். ரத்த தானத்துக்குச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்பதைக் கன்னியப்பன் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம், அந்த ஒரு விதி அவருக்கு ரொம்பப் பிடித்திருந்ததாம். கன்னியப்பனின் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையை உதறிக்கொண்டார்.

"ஏம்பா, வாராவாரம் கேட்டுக் கேட்டு எடுத்தியே. இது கேக்காமயே குடுக்கறது. போ, போயி படு."

வரிசை

கண் விழித்தபோது வயிற்றில் நெருப்பு வைத்தது போல வலி. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன், கேட்டதாக நினைத்தேன், குரல் வரவில்லை. நர்ஸம்மா புரிந்துகொண்டு, உங்கள் ஈரல் உங்கள் அக்காவிடம் வேலையை ஆரம்பித்துவிட்டது என்றார். நான் அழுதேன். தையல் இழுத்தது, அழாதீர்கள் என்று திட்டினார். வலியோடு சந்தோஷப்படுவது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது.

பொங்கல் வந்தது. மூன்று மாதத்துக்குக் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. கரும்பைக் கடிக்கக் கூடாது, பச்சையாக எதையும் தின்னக் கூடாது, கூட்டம் சேர்க்கக் கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு. வாங்க வேண்டியவளால் தின்ன முடியாது, கொடுக்க வேண்டியவனால் தூக்க முடியாது, இதில் வரிசை என்ன வேண்டியிருக்கிறது என்று நான் சும்மா இருந்துவிட்டேன். கன்னியப்பன் சும்மா இருக்கவில்லை. மண்டியின் குட்டியானை வண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றது. பானையும் வெல்லமும் மஞ்சள் கொத்தும் சாந்தி வாங்கி வைத்திருந்தாள். புடவை ஷரீஃப் பாய் கடையிலிருந்து வந்தது. கரும்பை ஏற்றிக்கொண்டு, மாமாவின் கரும்பு வயலைத் தாண்டி வளவனூர் போய்ச் சேர்ந்தோம்.

அக்கா முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். மஞ்சள் போய்க் கண் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எனக்கு அது போதும். அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து கன்னியப்பன் இறக்குகிற கரும்பைத்தான் பார்த்தாள். ஒரே ஒரு கட்டு. போன வருஷம் நான் தோளில் சுமந்து வந்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஈரலில் பங்கு கொடுத்தாயிற்றே அக்கா, கரும்பு எதற்கு என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்து முகக்கவசத்துக்குள் இறங்கியது. ஆனால் குரல் பழைய குரல். பக்கத்திலிருந்த சாந்திகூடச் சிரித்துவிட்டாள்.

"ஈரலு என் தம்பி குடுத்தது. வரிசை என் பொறந்த வீடு குடுக்கறது. ரெண்டையும் ஒண்ணா சேத்து கரும்ப கொறைக்கலாம்னு பாக்காதடா. அடுத்த வருஷம் பெரிய கட்டா வரணும், நான் கடிச்சித் தின்னுவேன்."

வாழ்நாள் முழுக்க எடுத்தே பழகியவன் ஒரு தடவை கொடுக்கப் போனால், அவன் வாயைக் கட்ட ஒரு மண்டி, ஒரு துணிக்கடை, ஒரு மீன் பெட்டி, ஒரு பஸ் கண்டக்டர், ஒரு சாந்தி என்று ஊரே வேண்டியிருக்கிறது.